கால்வாய்க்கரை பப்: எங்கே போவது, யார் வண்டி ஓட்டுவது?

மே மாதம் பிறந்தால் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், அல்லது கல்லூரித் தோழன் குடும்பத்தோடு வந்து இறங்கியிருப்பான். லண்டன் கோபுரம், அரண்மனை எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. இனி வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய் ஓரத்துப் பழைய பப் ஒன்றில் உட்கார்ந்து, நல்ல ஏல் (இங்கிலாந்தின் பாரம்பரிய பீர் வகை) குடித்து, படகு போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். எங்கே போகலாம்?

இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணினால் பதில் கிடைக்காது. வெயில் நாளில் தண்ணீர் ஓரம் உட்கார்ந்தவன் எந்தக் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுவான். எனக்குத் தெரிந்தவரை இந்த முடிவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: கூட யார் வருகிறார்கள், திரும்பி எப்படி வருவீர்கள். பீர் அதற்கு அப்புறம்தான்.

இங்கே நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: லெஸ்டர்ஷயரின் ஃபாக்ஸ்டன், நார்தாம்டன்ஷயரின் ஸ்டோக் புரூர்ன், பாத் நகருக்கு அருகிலுள்ள ஏவன்கிளிஃப், பர்மிங்ஹாம் நகர மையம். நான்கும் நான்கு குணம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

வண்டி. நல்ல கால்வாய்க்கரை பப்புகள் பலவும் கிராமத்தில் இருக்கின்றன. ரயில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பவே முடியாது. ஆக ஒருவர் ஓட்ட வேண்டும், அவர் குடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால். “ஒரு பைன்ட் வரை பரவாயில்லை” என்று சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். பீரின் காட்டம், உங்கள் எடை, வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். ஓட்டுபவருக்கு லைம் சோடா என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. எந்த பப்பிலும் மலிவான பானங்களில் அதுவும் ஒன்று.

பீர். காஸ்க் ஏல் என்பது பீப்பாய்க்குள்ளேயே நொதித்து முடிகிற பீர். காற்றழுத்தம் வைத்து அடிக்காமல், கைப்பிடி பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரிக்குள் தருவார்கள். ஊரிலிருந்து வரும் விருந்தாளி முதல் மடக்கிலேயே “என்னடா, பீர்ல குளிர்ச்சியே இல்லையே” என்பார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பனி போலக் குளிர்ந்ததுதான் வேண்டும் என்பவருக்கு லாகர் வாங்கிக் கொடுத்துவிடுவதே நல்லது. அவரை மனம் மாற்றும் முயற்சியில் ஒரு மதியமே வீணாகும்.

பீப்பாயைத் திறந்தால் ஏறத்தாழ மூன்று நாளைக்குள் தீர்க்க வேண்டும். அதன்பின் ருசி இறங்கும். எனவே வரிசையாக எட்டு பம்புகள் நிற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கூட்டம் நிறைந்த ஜூலை ஞாயிறு என்றால் எட்டும் ஓடும். நவம்பர் செவ்வாய்க்கிழமை, நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கடையில் எட்டு பம்புகள் என்றால் அதில் பாதி பழையதாக இருக்கும். மூன்று பம்ப் வைத்து மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் கடை மேல். கேட்டால் ஒரு மடக்கு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வாங்கிய பிறகு காடி நாற்றம் அடித்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். மாற்றித் தருவது வழக்கம்.

சமையலறை. பப் நாள் முழுக்கத் திறந்திருக்கும், அடுப்பு அப்படி இல்லை. கிராமத்துக் கடைகளில் மதியச் சாப்பாடு இரண்டரை மூன்று மணியோடு முடிந்து, மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடி தொடங்கும். ஞாயிறன்று ரோஸ்ட் (வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, கிரேவி சேர்ந்த மதியச் சாப்பாடு) தீர்ந்தால் தீர்ந்ததுதான். நம் குடும்பங்கள் கிளம்புகிற வேகத்துக்கு மூன்றே காலுக்குப் போய் நின்று, உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டோடு திரும்பும் ஆபத்து நிஜமானது.

சைவம் சாப்பிடுபவர்கள் வந்தால் இன்னும் சில கேள்விகள் உண்டு. சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரிகிறது? மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள், குறிப்பாக வடக்கே, இன்றும் இருக்கின்றன. மீன் பொரித்த எண்ணெயா? ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வெந்ததா? கிரேவி இறைச்சிச் சாறா? பலருக்குத் தெரியாத இன்னொன்று: காஸ்க் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது அது சேர்க்காத பீர்களும் நிறைய வருகின்றன, பம்பில் வீகன் என்று எழுதியிருக்கும். கறாரான சைவர் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர் ஸ்டேக் அண்ட் ஏல் பை பக்கம் போக வேண்டாம். பெயரில் ஏல் இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

தரை. லாக் என்பது நீர்ப்படிக்கட்டு: கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் தொட்டி. அதன் ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்காது. ஆழம் அதிகம், சுவர் செங்குத்து, பாசி வழுக்கும். ஓடுகிற வயதுக் குழந்தை இருந்தால் ஒரு பெரியவர் எப்போதும் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். முட்டி வலிக்காரருக்குப் படிகள் எத்தனை, கழிப்பறை எங்கே என்பது பீர் பட்டியலைவிட முக்கியம்.

பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை கால்வாய்களில் பராமரிப்பு நடக்கும். லாக்கை வற்றவைத்து கதவு மாற்றுவார்கள். படகு பார்க்கப் போய் சேறு பார்த்துத் திரும்புவீர்கள். குளிர்காலத்தில் கணப்பு எரியும் பப்புக்குப் போவது தனிச் சுகம்தான். அதற்குக் கால்வாய் தேவையில்லை.

| இடம் | போகும் வழி | அங்கே பார்ப்பது | பொருந்துபவர் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ஃபாக்ஸ்டன் | கார் | பத்து லாக் வரிசை | குழந்தைகள், பெரிய கூட்டம் | பார்க்கிங், ஐஸ்கிரீம், சரிவு |
| ஸ்டோக் புரூர்ன் | கார் | லாக், அருங்காட்சியகம், சுரங்கம் | பெற்றோர், அரைநாள் பயணம் | படகுச் சவாரி, சில்வர்ஸ்டோன் நெரிசல் |
| ஏவன்கிளிஃப் | ரயில், நடை | ஆற்றின் மேல் ஓடும் கால்வாய் | எல்லோரும் குடிக்கும் நண்பர் குழு | ரயில் கட்டணம், படிகள் |
| பர்மிங்ஹாம் | ரயில் | நகரக் கால்வாய் | மழை நாள், கலவையான குழு | ஒன்றுக்குப் பின் இன்னொரு கடை |

## ஃபாக்ஸ்டன்: குழந்தைகள் வந்தால்

இங்கே பப்பைவிட லாக்தான் காட்சி. ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு, மொத்தம் பத்து. ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. படகு மாடிப்படி ஏறுவது போல 23 மீட்டர் ஏறும். திறந்தது 1814இல். ஒரு படகு முழுதாக ஏறி முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதனால் எப்போது போனாலும் ஏதாவது ஒன்று நடுவழியில் இருக்கும். மதகு விசைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்திருப்பார்கள். சிவப்பை முதலில் திறக்க வேண்டும், வெள்ளையை அப்புறம். இதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் ஒவ்வொரு படகுக்கும் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

பக்கத்திலேயே ஒரு தோற்றுப்போன பெரும் கனவின் மிச்சமும் இருக்கிறது. பத்து லாக்குக்குப் பதிலாக, தண்ணீர் நிரம்பிய இரண்டு பெரிய தொட்டிகளில் படகுகளை வைத்து, நீராவி இயந்திரத்தால் சரிவில் ஏற்றி இறக்கும் அமைப்பை 1900இல் கட்டினார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. படகுதான் போதுமான அளவு வரவில்லை. படகு வந்தாலும் வராவிட்டாலும் கொதிகலனுக்கு நெருப்பு போட்டுத்தானே ஆக வேண்டும்! 1911இல் நிறுத்திவிட்டு, 1928இல் பழைய இரும்பாக விற்றார்கள். பழைய கொதிகலன் கட்டடம் இப்போது சிறு அருங்காட்சியகம்.

கீழ்ப்புறம் இரண்டு பப்புகள். ஃபாக்ஸ்டன் லாக்ஸ் இன் பெரியது: தண்ணீர் ஓர மேசைகள், பெரிய சமையலறை, அதற்கேற்ற கூட்டம். பாலத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட பிரிட்ஜ் 61 சின்னது. என் வழி: பெரியதில் சாப்பாடு, சின்னதில் அரை பைன்ட். விடுமுறை ஞாயிறில் பெரியதில் மேசை கிடைக்க முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள். லெஸ்டர்ஷயர் வந்துவிட்டு பீர் என்ன குடிப்பது என்று கேட்டால், லெஸ்டரில் 1849இல் தொடங்கிய எவரார்ட்ஸின் டைகர் எங்காவது பம்பில் தென்பட்டால் எடுங்கள். சாதுவான, மால்ட் ருசி நிறைந்த பீர், ஏல் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம்.

குறை என்ன? இது சுற்றுலாத் தலம். அமைதி தேடி வருபவருக்கு ஏற்றதல்ல. காருக்குக் கட்டணம், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், படகுச் சவாரி என்று சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கும். லாக் வரிசையை ஒட்டி இறங்குவது சுகம். ரோஸ்ட் சாப்பிட்ட வயிற்றோடு ஏறுவது அப்பாவின் முட்டிக்குச் சுகமில்லை. மறுபக்கம், லெஸ்டரில் சொந்தக்காரர் இருந்தால் மதியம் இங்கே பாதி வயிறு, இரவு இந்தியக் கடைகள் நிறைந்த பெல்கிரேவ் ரோட்டில் மீதி வயிறு என்று திட்டம் போடலாம்.

## ஸ்டோக் புரூர்ன்: என் தேர்வு எதுவென்று கேட்டால்

லண்டனிலிருந்தோ மில்டன் கீன்ஸிலிருந்தோ எம்1 நெடுஞ்சாலை வழியாகப் போய்விடலாம். 15ஆவது சந்திப்பில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். கிராமமே கால்வாயின் இரு கரையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கரையில் போட் இன், எதிர்க்கரையில் பழைய தானிய மில் கட்டடத்தில் 1963இல் திறந்த கால்வாய் அருங்காட்சியகம், அதே பக்கம் நேவிகேஷன் என்ற இன்னொரு பப். நடுவே லாக். மூன்றையும் பார்க்க ஐந்து நிமிட நடைகூட வேண்டாம், இதுதான் இந்த இடத்தின் பலம். வயதானவர்கள் மேசையிலிருந்து எழாமலே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

போட் இன்னை வுட்வர்ட் குடும்பம் 1877இலிருந்து நடத்திவந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பப்புகளை வாங்கி ஒரே மாதிரி சாயம் பூசிய காலத்தில் இது அரிது. கால்வாய்ப் பக்கத்துப் பழைய பாரில் நார்தாம்டன்ஷயருக்கே உரிய மேசை ஸ்கிட்டில்ஸ் ஆடலாம். சீஸ் என்று அழைக்கும் தடித்த வட்டை எறிந்து ஒன்பது கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பார்க்க எளிது, ஆடினால் கேரம் போர்டில் பெயர் எடுத்தவரும் தடுமாறுவார். பதின்வயதுப் பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து பிரிக்கும் சக்தி அதற்கு உண்டு. பதினெட்டுக்குக் கீழே பீர் வாங்க முடியாது என்பது தெரிந்ததே. பதினாறு பதினேழு வயதுக்காரர் சாப்பாட்டோடு, பெரியவர் வாங்கித் தந்தால், ஒரு பீர் குடிக்கச் சட்டம் இடம் தருகிறது. தருவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

கால்வாய் ஓரமாகவே கொஞ்சம் நடந்தால் பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் வாய். நீளம் 2,813 மீட்டர், 1805இல் திறந்தது. உள்ளே குதிரைக்கு நடைபாதை கிடையாது. ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்து இவ்வளவு தூரமும் நகர்த்தினார்கள். சம்பளத்துக்கு அதையே தொழிலாகச் செய்தவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தின் ஜில்லென்ற காற்று வாயிலிலேயே முகத்தில் அடிக்கும். படகுச் சவாரி ஓடும் நாளில் போனால் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆளுக்கு இவ்வளவு என்று வருவதால் ஆறு பேர் போனால் ரோஸ்ட் செலவில் கணிசமான பகுதி அதற்கே போகும்.

மறைந்திருக்கும் தொல்லை ஒன்று: சில்வர்ஸ்டோன் பந்தயத் திடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூலையில் கிராண்ட் ப்ரீ வார இறுதி என்றைக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று டோஸ்டர் பக்கச் சாலைகளில் மாட்டினால் சமையலறை மூடிய பிறகுதான் போய்ச் சேருவீர்கள். ரயில் நிலையம் அருகில் இல்லை. நார்தாம்டனில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம், திரும்பி வர டாக்ஸி கிடைக்குமா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் கூட்டத்துக்கு இரண்டு டாக்ஸி என்றால் கணக்கு உதைக்கும்.

## ஏவன்கிளிஃப்: எல்லோரும் குடிப்பதென்றால்

கார் வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகவே இந்த இடம் பட்டியலில் மேலே வருகிறது. பாத் நகருக்கும் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனுக்கும் நடுவே குட்டி நிலையம். கேட்டால்தான் ரயில் நிற்கும். இறங்க வேண்டுமென்றால் ரயிலில் இருக்கும் நடத்துநரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஏற வேண்டுமென்றால் நம் ஊர்ப் பேருந்துக்குக் கை காட்டுவது போல ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்கள் இதற்கே சிரித்து மகிழ்வார்கள்.

கிராஸ் கன்ஸ் பப் கால்வாய்க்கு ஓரமாக இருப்பதைவிடக் கீழே இருக்கிறது என்பதே சரி. ஏவன் ஆற்றைக் கடக்க, பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டத்தில் ஒரு கல் பாலம் கட்டி அதன் மேல் கால்வாயை ஓடவிட்டார்கள். நடுவளைவு கட்டிய கொஞ்ச காலத்திலேயே தொய்ந்துவிட்டது, இன்றும் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்தில் உட்கார்ந்தால் கீழே ஆறு, தலைக்கு மேலே படகு. கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் 1810இல் முழுதாகத் திறந்தது, பின்னால் பாழடைந்தது, தன்னார்வலர்கள் பல பத்தாண்டு உழைத்து மீட்டபின் 1990இல் எலிசபெத் ராணி மறுபடி திறந்துவைத்தார். இன்று கோடையில் அந்தப் பாலத்தின் மேல் படகு, சைக்கிள், நாய், நடப்பவர் என்று திருவிழாக் கூட்டம்.

நான் சொல்வது: பிராட்ஃபோர்டில் இறங்கி, பதினான்காம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று அங்கே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கால்வாய்க்கரையோடு நடந்து வாருங்கள். சமதரை, இரண்டரை கிலோமீட்டர் போல. பசியும் தாகமும் சரியாக வந்திருக்கும். திரும்பும்போது நிலையம் எதிரிலேயே. பக்கத்து டிவைசஸ் ஊரில் 1875இலிருந்து பீர் வடிக்கும் வாட்வொர்த்தின் 6எக்ஸ் இந்த வட்டாரத்துப் பழம்பெயர். எங்காவது கண்ணில் பட்டால் அதையும் பாருங்கள்.

சிக்கல்கள்: தோட்டம் படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்குகிறது. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் கஷ்டம். காரில் வந்தால் சந்து குறுகல், நிறுத்த இடம் கொஞ்சம். எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இன்னொரு பைன்ட், அதுவும் ஒரு செலவுதான். லண்டனிலிருந்து வருபவர்களுக்கு பாடிங்டன்-பாத் கட்டணம், அன்றைக்கு அன்றே எடுத்தால், சாப்பாட்டையே விழுங்கிவிடும். ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் நடக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பர்மிங்ஹாம்: மழை, குழப்பம், கடைசி நேரம்

அழகில் மற்ற மூன்றுக்கும் கீழே. வசதியில் மேலே. நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், மழை வந்தால் ஒதுங்க இடம், சமையலறை மூடினால் அடுத்த கடை. பிரிண்ட்லிபிளேஸில் மால்ட் ஹவுஸ் பப் தண்ணீர் ஓரமாகவே இருக்கிறது. 1998 மே மாதம் ஜி8 மாநாட்டுக்கு வந்த பில் கிளிண்டன் அங்கே பீர் குடித்தார், அந்தப் பெருமையை இன்னும் விட்டபாடில்லை. காஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற படகுத்துறையில் இரண்டு கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் ஏழடி அகலத் தடுப்பைப் பார்க்கத் தவறாதீர்கள்: எங்கள் தண்ணீர் உங்களுக்குப் போகக் கூடாது என்று ஒரு கம்பெனி அடம்பிடித்ததால், இந்தப் பக்கத்துப் படகிலிருந்து அந்தப் பக்கத்துப் படகுக்குச் சரக்கைத் தூக்கி மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1815இல்தான் நடுவே ஒரு லாக் வெட்டினார்கள். தண்ணீர்த் தகராறு நமக்குப் புதிதில்லை.

குழுவில் ஒருவருக்காவது “மசாலா இல்லாமல் சாப்பாடு இறங்காது” என்றால் இங்கே ஒரு வழி உண்டு. ஸ்மெத்விக், வெஸ்ட் ப்ரோமிச் பக்கம் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் தேசி பப்புகள் இருக்கின்றன: ஒரு கையில் ஏல், மறு கையில் புகையும் மிக்ஸ்டு கிரில். பிரிண்ட்லிபிளேஸிலிருந்து பொறியாளர் டெல்ஃபோர்ட் வெட்டிய நேர்க்கால்வாயின் கரையோடு நடந்தே ஸ்மெத்விக் பக்கம் போகலாம், 1829இல் கட்டிய கால்டன் பாலம் தலைக்கு மேலே உயரத்தில் நிற்கும். நடக்க மனமில்லாவிட்டால் வெஸ்ட் ப்ரோமிச்சுக்கு டிராம் ஓடுகிறது. இந்தக் கடைகள் பெரும்பாலும் கால்வாயைப் பார்த்து இருப்பதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்வை ஓரிடம், சாப்பாடு ஓரிடம்.

லண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாய் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். இஸ்லிங்டன், மைல் எண்ட் பக்கங்களில் நல்ல பப்புகள் உண்டு. ஒரு பைன்ட் ஆறு பவுண்டைத் தாண்டுவது சாதாரணம், வெயில் நாளில் உட்கார இடம் கிடைக்காது, கரையில் சைக்கிள்காரர்கள் பறப்பார்கள். வேலை முடிந்து நண்பரோடு ஒன்று குடிக்க ஏற்ற இடம். அப்பா அம்மாவை அழைத்துப் போக வேண்டாம்.

## முன்பதிவுக்கு அழைக்கும்போது

எந்த இடமானாலும் போனில் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்: அன்று அடுப்பு எத்தனை மணிக்கு அணையும், தோட்டத்து மேசைக்கு முன்பதிவு உண்டா அல்லது உள்ளே மட்டுமா, பெரிய குழுவுக்கு முன்பணம் கேட்பார்களா, பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பார்களா. பாரில் போய் நின்று வாங்கினால் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மேசைக்குக் கொண்டுவந்து தரும் இடங்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ தானாகவே ஏறியிருக்கும். தோட்டத்து மேசைக்கு முன்பதிவு இல்லை என்றால் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கே இருங்கள். அதாவது வீட்டில் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் எட்டு மணி என்று சொல்லி வையுங்கள்.